ஒன்பதே கால்

சாயல்குடி கூட்டுறவு வங்கியில்
நகைக்கடன் தராசு என் மேசையில்தான் இருக்கிறது.
தாலிக்கொடியில் அரக்கு எத்தனை, அழுக்கு எத்தனை
கழித்துச் சொல்லிவிடுவேன்,
மின்விசிறியை நிறுத்திவிட்டு.
காற்று பட்டால் தராசு பொய் சொல்லும்.

தரகர் இப்ராம்சா இரண்டு வீடு காட்டினார்.

ஒன்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்.
இருபத்திரண்டு லட்சம்.
எதிரே மருந்துக்கடை, நாலு கடை தள்ளிப் போலீஸ் ஸ்டேஷன்,
ராத்திரி பதினொன்றுக்கும் புரோட்டாக் கல்லில் சத்தம்.
ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.
கையிருப்பையும் நாலு வளையலையும் கொடுத்த பிறகு
மாதத் தவணை பதினாறாயிரத்துச் சொச்சம்.
என் சம்பளம் இருபத்தாறு.
மீதியில் அரிசி, செர்லின் படிப்பு,
என் தைராய்டு மாத்திரை.

மற்றது மூக்கையூர் ரோட்டில் இறங்கி
கருவேலங்காட்டு மண்பாதையில் உள்ளே.
ஒன்பதே கால்.
மொட்டை மாடியில் ஏறினால் கடல்,
அடகுக்கு வந்த வெள்ளி அரைஞாண் போல
மெலிசாக.
கிணறு உண்டு. ஒரு வாய் வைத்துத் துப்பினேன்.
"குளிக்கலாம்மா" என்றார் இப்ராம்சா,
சோப்பு நுரைக்காது என்பதைச் சொல்லாமல்.
ஆடிக்காற்றில் மணல் வாசற்படி ஏறிவிடுமாம்.
அதை அள்ளிவிடலாம்.
ரோட்டிலிருந்து வாசல்வரை
அறுநூற்று நாற்பது காலடி.
நடுவில் ஒரு கம்பம்.
உச்சியில் விளக்கில்லை, காக்கைக் கூடு இருக்கிறது.
செர்லின் டியூஷன் முடிந்து வருவது
ராத்திரி ஒன்பதே காலுக்கு.

தாளில் நடுக்கோடு போட்டு எழுதிப் பார்த்தேன்.
இடப்பக்கம் வட்டி, பைசாவரை வந்து நின்றது.
வலப்பக்கம் அறுநூற்று நாற்பது என்று எழுதினேன்,
அதை எதால் பெருக்குவதென்று தெரியவில்லை.

"ஊர் நடுவுலயே வாங்குக்கா,
உசுரு முக்கியமில்லையா?" என்கிறாள் தங்கை.
ஊர் நடுவில்தான் இருந்தேன் பத்து வருடம்,
அந்த மனுசனோடு.
மூன்று பக்கமும் சுவரோடு சுவராக வீடுகள்.
ஒரு ராத்திரிகூட
யாரும் வந்து கதவைத் தட்டியதில்லை.

நேற்று யாரிடமும் சொல்லாமல்
ஒன்பதே காலுக்கு அங்கே போய் இறங்கினேன்.
செல்போன் வெளிச்சத்தில் எண்ணிக்கொண்டே நடந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டில் முள்ளுக்குள் ஏதோ நகர்ந்தது.
இருநூற்று ஐம்பதில் இரும்புச் சத்தம்,
எனக்கு நேரே, என்னைப் பார்த்து.
சாவியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏழு தள்ளுவண்டி.
எல்லாம் காலிக் குடம், அதுதான் அத்தனை சத்தம்.
ஒருத்தி என் முகத்தில் டார்ச் அடித்து
"யாரு, பேங்கு அக்காவா?
என் கம்மல ஏலத்துல விட்டுராதீகக்கா" என்றாள்.
பேச்சிக்கனி.
முகம் மறந்துபோயிருந்தது எனக்கு.
மூன்று கிராம் எழுநூறு மில்லி, அது மறக்கவில்லை.

"இந்நேரத்துலயா இந்தப் பக்கம்?"
"இந்நேரந்தான குழாயில தண்ணி விடுறாக.
திரும்பப் பன்னெண்டாகும்."
"தினமுமா?"
"மூணு நாளைக்கு ஒருக்க."
"மத்த ரெண்டு நாள்?"
"தூங்குவோம்" என்று சிரித்தாள்.
பயமில்லையா என்று கேட்க வந்து
விளக்குக்கு மனுக் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.
"குடுத்தோம்க்கா. இந்தப் பாதைக்கு ரெண்டே வீடாம்.
மூணாவதா ஒரு வீட்டுல ஆள் வரட்டும்,
அப்பறம் பாப்போம்னாக."

இன்று இப்ராம்சாவிடம்
எட்டே முக்காலில் பேச்சை ஆரம்பித்தேன்.
ஒன்பதில் நிற்கிறார், இறங்குவார்.

வலப்பக்கத்தில் புதிதாக எழுதியிருக்கிறேன்:
தள்ளுவண்டி ஒன்று, நாலாயிரத்து எண்ணூறு.
குடம் ஆறு.
அதற்குக் கீழே,
மத்த ரெண்டு நாள்.
அதற்கு நேரே இன்னும் ஒன்றும் போடவில்லை.
மின்விசிறியை நிறுத்திவிட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.